நான் விட்டுப் படித்த வரிகள்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. வேத வசனத்தைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த ஒரு தப்பைத்தான் எழுதுகிறேன். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பெண்கள் கூடுவார்கள். எல்லோரும் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமப்பவர்கள். ஞானஸ்நானம் பெறும் எண்ணத்தில் வேதம் கேட்க வந்தார்கள். ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. வேதக் கோயில் உபதேசியார் பகுதியைக் குறித்துக் கொடுப்பார், நான் வாசிப்பேன். நானும் இந்து வீட்டுப் பெண்தான்; வாசிப்பதை வீட்டில் தடுக்கவில்லை. மிஷன் பள்ளியில் கேட்ட கதைகள் மனதை விட்டுப் போகாமல், நம்பலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த காலம்.

அந்த வாரம் வந்தது, மகளின் நோய்க்காக இயேசுவிடம் கெஞ்சிய வேற்று இனத்துப் பெண்ணின் கதை. முதல்நாளே படித்துப் பார்த்தேன். அவள் கெஞ்சுகிறாள், அவர் பதிலே சொல்லவில்லை. பிறகு, பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுவது சரியல்ல என்கிறார். எனக்கு அதற்கு மேல் ஓடவில்லை. கரிக்குவியலில் மேஸ்திரி இந்தப் பெண்களை அந்த வார்த்தை சொல்லித்தான் விரட்டுவான்.

உபதேசியாரிடம் கேட்டேன். "அவள் விசுவாசத்தைச் சோதிக்கவே அப்படிச் சொன்னார்" என்றார். சோதிக்க வேறு வார்த்தை கிடைக்கவில்லையா என்று வாய்வரை வந்தது.

சனிக்கிழமை அந்த வரிகளை விட்டுவிட்டுப் படித்தேன். அவள் கேட்டாள், அவர் இரங்கினார், மகள் குணமானாள்.

வந்தவர்களில் ஒருத்தியை எல்லோரும் அக்கா என்போம். அவளுடைய பதின்மூன்று வயது மகளுக்கு வலிப்பு; அன்று அவளும் வந்து அக்கா பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் கோயிலில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தாள்.

"கேட்ட ஒடனே குட்த்துட்டாரா?" என்றாள்.

"ஆமாக்கா."

"ஒரே தபாதான் கேட்டாளா?"

தலையாட்டினேன்.

"நான் மூணு வருசமா கேட்டுகினு கீறேன். ஆஸ்பத்திரி, அம்மன் கோயிலு, தர்கா, இப்ப இவரு. அவளுக்கு ஒடனே, எனுக்கு இல்லன்னா, என்னிய வோணாம்னுதானே அர்த்தம்? நாளைக்கு நான் பேரு குடுக்கல."

"ஒக்காருமே," என்றாள் பக்கத்திலிருந்தவள். "கரி வண்டிய புடிக்கறாப்பல ஓடுற."

"நீ கம்னு கெட."

மகளை எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"அக்கா, நான் முழுசா படிக்கல. நடுவுல விட்டுட்டேன்."

நின்றாள். விட்டதையெல்லாம் படித்தேன். அந்த வார்த்தை வந்ததும், "அவருமா?" என்றாள் ஒருத்தி. மேஜையிலிருந்து விழும் துணுக்கை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று அந்தப் பெண் சொன்ன பதிலையும், உன் விசுவாசம் பெரிது என்று அவர் அவள் கேட்டதைக் கொடுத்ததையும் படித்தேன்.

"அவருகிட்டயேவா திருப்பிச் சொன்னா?" அக்கா உள்ளே வந்தாள். "இன்னொரு தபா படி."

மூன்று முறை படித்தேன்.

"நம்ம அக்கா மாதிரி வாயாடியா இருந்துகீறா" என்று ஒருத்தி சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மேஸ்திரிகிட்ட நான் ஒரு வார்த்த திருப்பிச் சொன்னேன். மூணு நாளு வேல இல்ல. இவரு கேட்டுகினு, ஒன் விசுவாசம் பெருசுன்னு குட்த்துகீறாரு." மகளை மறுபடி பக்கத்தில் உட்கார வைத்தாள். "அந்த வார்த்த எனுக்குப் புடிக்கல. அவரு சொன்னாலும் புடிக்கல. ஆனா நீ ஏன் மறச்ச? எங்களால தாங்க முடியாதுன்னா?"

அவள் கேட்டதுதான் உண்மை. அந்த வசனத்துக்கு அதன் பிறகு பல விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். எதுவும் எனக்குப் போதவில்லை.

மறுநாள் அக்கா மகளோடு கோயிலுக்கு வந்து பெயர் கொடுத்தாள். ஆராதனை நடுவில் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. நானும் அக்காவும் அவளை வெளியே தூக்கிவந்து நிழலில் படுக்க வைத்தோம். அந்த ஒரு வார்த்தையைத் தாண்ட முடியாமல் நான் அன்று பெயர் கொடுக்கவில்லை.