அம்மம்மா பூசைக்கு வராத ஞாயிறுகள்

செய்தியை எனக்குச் சொன்னது அம்மா அல்ல. மட்டக்களப்பில் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது, தொலைபேசியில் ஆட்டோ ஓட்டும் றபீக் காக்கா இருந்தார். "டீச்சர், அம்மாவால கதைக்க ஏலாம இரிக்கி. அதான் நான் எடுத்தன். அம்மம்மா போயிட்டா" என்றார். காலையில் மூச்சு முட்டியிருக்கிறது. அவருடைய ஆட்டோவில் ஏற்றிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே, அம்மாவின் மடியில் தலை வைத்தபடி அடங்கிவிட்டார். "நான் வேகமாத்தான் ஓடினன் மகள்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இந்த மனிதரின் வாயாலா இதைக் கேட்க வேண்டும் என்ற கூச்சம்தான் முதலில் வந்தது. அது ஏன் என்பதைச் சொல்லாமல் என் அம்மம்மாவைப் பற்றி எழுத என்னால் முடியாது.

கோயிலில் ஒரே வாங்குப் பலகையில் அவரோடு இருந்த உங்களுக்குத் திரேசம்மாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சொறிக்கல்முனையில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கல்முனைக்கு வந்தவர். அம்மப்பா இளவயதில் காலமான பிறகு, தையல் மெசினை வைத்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். அவர் தைத்த சட்டை போடாத பெண்பிள்ளை எங்கள் தெருவிலும் இல்லை, பக்கத்து முஸ்லிம் தெருவிலும் இல்லை. கல்முனையில் கோயில் இருந்தும் ஞாயிறு பூசைக்குப் பிறந்த ஊருக்குத்தான் போவார். "ஞானஸ்நானம் வாங்கின இடத்திலதான் எனக்குச் செபம் வரும்" என்பார். மாட்டு வண்டியில் போனார். அம்மப்பாவின் சைக்கிளில் போனார். பிறகு பஸ்ஸில் போனார். சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்த கிழமையும், விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்தே போயிருக்கிறார். போய்ச் சேரப் பூசை முடிந்துவிட்டதாம். "இந்த நிலையில ஏன் பிள்ள வந்த?" என்று சுவாமியார் கேட்க, "கூரைதான் போச்சு சுவாமி, ஞாயிறு போகல்லையே" என்று சொன்னாராம்.

அவருடைய பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுருதி எங்கோ இருக்கும், அம்மம்மா எங்கோ இருப்பார். ஆனால் கோயிலிலேயே பெரிய குரல் அவருடையதுதான். பாடகர் குழுவுக்குப் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, "அம்மம்மா, கொஞ்சம் மெதுவாப் பாடுங்களன்" என்று பணிவாகத்தான் கேட்டாள். "எனக்கு மெதுவாக் கதைக்கவே வராது புள்ள. நான் எப்பிடி மெதுவாப் பாடுற?" என்றார். அடுத்த பாட்டை இன்னும் உரத்துப் பாடினார். அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டாள்.

முழங்கால் பஸ் ஏற விடாத காலத்தில்தான் பக்கத்து முஸ்லிம் தெரு றபீக் காக்கா வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைச் சீலையோடு அம்மம்மா வாசலில் நிற்பார். ஆட்டோ வந்துவிடும். பூசை முடியும்வரை காக்கா வெளியே காத்திருப்பார். ஒருநாள் திரும்பி வரும்போது நானும் கூட இருந்தேன். "அம்மம்மா, உங்கட சுவாமியார்ட பிரசங்கம் எங்கட பள்ளிப் பிரசங்கத்த விட நீளம்" என்றார் காக்கா. "வெளிய நிண்டு கேட்டா எல்லாம் நீளமாத்தான் இரிக்கும்" என்றார் அம்மம்மா. நோன்பு மாதத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த ஆட்டோவுக்குள் அம்மம்மா ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார். "அவன் வெறும் வயித்தோட ஓட்டுறான், நான் பின்னால இருந்து குடிக்கிறதா?" என்பார்.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர். எங்கள் கரையோர ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த நாட்கள் அவை. நிறுத்தியிருந்த பூசை மறுபடி தொடங்கியபோது, பைகளைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்றிருந்தது. அப்போது நான் கல்முனையில், அம்மம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தேன். றபீக் காக்காவை நான் ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை. அவருடைய ஆட்டோ கோயில் வாசலில் போய் நின்றால் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் பயந்தேன். சந்தேகப்பட்டிருந்தால்கூட ஏதோ ஒரு நியாயம் சொல்லியிருக்கலாம். நானே தொலைபேசி எடுத்து, "காக்கா, கொஞ்ச நாளைக்கு வரவேணாம்" என்றேன். "ஓம் மகள், விளங்குது" என்றார்.

அம்மம்மாவிடம் ஆட்டோ பழுதாம் என்று சொல்லி, வேறொரு தமிழ்ப் பையனின் ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் நம்பினார். ஆனால் ஒரு ஞாயிறு, திரும்பி வரும் வழியில், சந்தைக்குப் பக்கத்தில் றபீக் காக்காவின் ஆட்டோ மீன் பெட்டிகளோடு எதிரே வந்திருக்கிறது. காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா சீலையைக்கூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"நீதானே வரவேணாமெண்ட?"

"ஓம் அம்மம்மா. இப்ப நிலம சரியில்ல."

"நிலமயில்ல புள்ள, நீதான் சரியில்ல. போய் அவனக் கூட்டி வா."

கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அடுத்த ஞாயிறு அவர் உடுத்துக்கொள்ளவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். "ஒருத்தன்ட மனச நோகவெச்சிப்போட்டு நான் எந்த நாக்கால நன்மை அப்பம் வாங்குற?" என்று கேட்டார். அந்தக் கிழமையும் அதற்கடுத்த கிழமைகளிலும் அவர் பூசைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களில் பலர் என்னைக் கேட்டீர்கள். முழங்கால் வருத்தம் என்று சொன்னேன். முழங்கால் அல்ல. நான் பக்கத்துத் தெருவுக்குப் போகப் பயந்ததால், சூறாவளி நிறுத்தாத ஒருத்தியின் ஞாயிறுகள் நின்றன.

கடைசியில் அவரே காக்கா வீட்டுக்குப் போனார். நான் பாடசாலைக்குப் போன நேரம் பார்த்துக் குடையை ஊன்றிக்கொண்டு, அந்த வெயிலில், அந்த வயதில், நடந்து போயிருக்கிறார். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது றபீக் காக்காவின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அம்மம்மா இறங்கினார். "தேத்தண்ணி குடிச்சன்" என்றார், அவ்வளவுதான். காக்கா எப்போதும்போல எனக்குத் தலையசைத்தார். மறு ஞாயிறு பூசைக்குப் போனார்கள். அந்த நடையோடு அவருடைய கால் இன்னும் மோசமாயிற்று. என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் போய்ப் பேசியாகிவிட்டதே என்று நானும் காக்காவிடம் மன்னிப்புக் கேட்காமல் இருந்துவிட்டேன். பிறகு எனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது. அந்தச் சாட்டில் வருடங்கள் போயின.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது றபீக் காக்காவிடம் போனேன். "காக்கா, அண்டைக்கு நான் உங்களோட கதைச்சது..." என்று தொடங்கினேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதெல்லாம் அண்டைக்கே முடிஞ்சி மகள். அம்மம்மா வீட்ட வந்து எங்கட மனிசிட கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாவே. 'அது என்ட பேத்திட வாயால வந்ததுதான், மனசால வந்ததில்ல. புள்ள பயந்து போச்சி. அவளுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்' எண்டு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. காக்கா எப்படிப்பட்டவர் என்று எனக்குக் காட்டத்தான் போனார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் போனது என்னைக் காக்காவுக்கு விளங்கப்படுத்த.

அவருடைய செபமாலையை அம்மா வைத்திருக்கிறார். வெள்ளைச் சீலை அவரோடு போய்விட்டது. "புள்ள பயந்து போச்சி" என்ற சொல் மட்டும் என்னிடம் இருக்கிறது. என் குற்றத்துக்கு இதைவிடச் சரியான பெயரை யாரும் வைத்ததில்லை, இதைவிட அன்பாகவும் வைத்ததில்லை.