டிபன் பாக்ஸில் வைத்த மாத்திரை

என் கணவர் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மாஸ்டர். அச்சாகி வரும் தாள்களை அடுக்கி, அளவு பார்த்து, மெஷினில் வெட்டுகிற வேலை. கத்தி அவரை ஒருநாளும் தொட்டதில்லை. தாளின் விளிம்புதான் கீறும். விரல்களில் எப்போதும் நாலு கீறல் இருக்கும். வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த தாள்கட்டைத் தூக்குவார்.

போன சித்திரையில் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். ராத்திரி கொழுப்புக்கு ஒரு மாத்திரை, மதியம் சாப்பிட்டதும் ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை. "மதிய மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட விட்டுறக் கூடாது. விட்டா ஸ்டென்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சிரும்" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆம்பிளைகளிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்பது அவருக்கு அனுபவம் போல.

அன்றிலிருந்து என் வீட்டில் நான்தான் போலீஸ். கருவாடு போச்சு, காராச்சேவு போச்சு, விருதுநகர் எண்ணெய் புரோட்டா பேச்சில்கூட வரக் கூடாது. அவருக்கு உப்பைக் குறைத்துவிட்டு நான் மட்டும் எப்படிச் சுள்ளென்று சாப்பிடுவது என்று நானும் சப்பென்று தின்றேன். தினமும் காலையில் மதிய மாத்திரையைக் காகிதத்தில் மடித்து டிபன் பாக்ஸின் மேல் அடுக்கில் வைத்துவிடுவேன். சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

"மாத்திரை போட்டீகளா?"

"போட்டேன்."

சில நாட்களில் எங்களுக்குள் இருந்த பேச்சே அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில், சீசன் முடிகிற நேரம், மெஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். அதே பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கும் என் தம்பிதான் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனான். அடைப்பை எடுத்துவிட்டு டாக்டர் கட்டிலருகே வந்தார். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். பக்கத்து ரத்தக் குழாயில் இருந்த கொழுப்புப் படிவும் முன்னைவிடக் கூடியிருக்கிறது, அது சத்தமே காட்டாமல் வளரும் என்றார். பிறகு, "மாத்திரையை நிறுத்துனீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் கையால வச்சு அனுப்புனேன் சார். ஒருநாள் தப்பல. என் பிள்ளைக மேல சத்தியம்."

டாக்டர் நம்பினார். சிலர் உடம்பில் இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது, இன்னும் வீரியமானதற்கு மாற்றுவோம், ரத்தக்கசிவுதான் பயம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வராந்தாவுக்கு வந்து எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். டூப்ளிகேட் மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டாய், நீ விளங்கவே மாட்டாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மனிதர், "அக்கா, பில்லு இருக்கு, வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"அவரை ஏசாதக்கா. மருந்து மேல தப்பில்ல. மச்சான் ஆயுத பூசையிலருந்து மாத்திரையே போடல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்த மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து சின்னக் கீறலுக்கும் ரத்தம் நிற்கவில்லை. அவர்கள் வெட்டுவது சாமி படம். முருகன் மேல் ரத்தம் பட்டால் அந்தக் கட்டையே ஒதுக்கிவிட வேண்டும். மெஷினைக் கழுவிச் சூடம் காட்டுவார்கள். ரத்தம் சிந்தியவர் அன்று மெஷினைத் தொடக் கூடாது. முதலாளி வீட்டு வழக்கம் அது. மூன்று முறை அப்படி ஆனது. "அண்ணாச்சி, சீசன் முடியட்டும், அதுவரைக்கும் பேக்கிங்ல இருங்க" என்று முதலாளி தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். இருபது வருஷம் கட்டிங்கில் நின்றவருக்கு, பொம்பளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிப்பது மானப் பிரச்சினை.

"தை வரைக்கும் மாத்திரைய நிறுத்தி வைங்க மச்சான், ரத்தம் நின்னுருச்சுன்னா மெஷின்லயே விட்டுருவாகன்னு நாந்தான் சொன்னேன்" என்றான் தம்பி. கட்டிங்கில் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"நான் மடிச்சு வச்சதையெல்லாம் என்னலே செஞ்சீக?"

தரையைப் பார்த்தான். "வீணாப் போகலக்கா. எங்க மாமனாருக்கும் அதே மாத்திரைதான். அவருக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

நர்ஸ் ஒருவர் அந்தப் பக்கமாக வந்ததால் அவனை அறையாமல் விட்டேன்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பொய்ச் சத்தியம் பண்ணியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேறு எப்படிப் பார்ப்பார். மருந்துச் சீட்டில் வீரியமானதை அடித்துவிட்டுப் பழைய மாத்திரையையே எழுதினார்.

என் கணவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா?"

வேலைக்காக மறைத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். நான் பிள்ளைகளை இழுத்துச் சத்தியம் பண்ணியபோது இந்த மனிதர் விழித்துக்கொண்டேதான் கண்ணை மூடியிருந்தார். அது என் வயிற்றை எரித்தது. இப்போதும் எரிகிறது.

ஊருக்கு வந்த நாலாம் நாள் தம்பியின் மாமனார் பழத்தோடு பார்க்க வந்தார். எழுபது வயது. பஸ் ஸ்டாப்பிலிருந்து விறுவிறுவென்று நடந்தே வந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. காப்பியைக் குடித்துக்கொண்டே, கட்டிலருகே இருந்த மாத்திரை அட்டையைக் காட்டி, "இந்த மாத்திரைய நான் ஒருநாள் விட்டதில்ல தாயி. மருமகன் கரெக்டாக் கொண்டாந்து குடுத்துருவாக. அதான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்றார். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "நீங்க ஒழுங்காப் போட்டீகளா மாப்ள?" என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். டாக்டரிடமும் கடைக்காரரிடமும் அவருக்காகப் பேசியது நான்தானே, இதற்கும் நானே சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று குழாயைக்கூடத் திறக்காமல் நின்றேன்.

"போட்டேன் மாமா" என்றார். "ஒருநாளும் விடல."