லாஷ்லியின் வலது கை

லாஷ்லியின் வலது கை மேலே போகிறது. காதைத் தாண்டி, தொப்பியைத் தாண்டி, தொங்கும் விளக்குக்கு ஒரு சாண் கீழே போய் நிற்கிறது. மேசையைச் சுற்றி இருக்கும் நாங்கள் பழக்கப்படி தேநீர்க் கோப்பைகளைக் கையில் தூக்கிக்கொள்கிறோம். கை இறங்குகிறது. புள்ளிகள் பதித்த டாமினோ காய் பலகையில் அறைகிற அறையில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்து அடங்குகிறது.

"எழுதிக்கய்யா," என்கிறார் என்னிடம். ஆட்டக் கணக்கு என் பொறுப்பு.

ஆஸ்மண்ட் லாஷ்லி கரீபியக் கடலில் இருக்கும் பார்படோஸ் தீவுக்காரர். லண்டனில் முப்பத்தொரு ஆண்டுகள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. அவர் சொல்வது எழுபத்தொன்று. சனிக்கிழமை மாலை பெக்கமில் எங்கள் தேவாலயத்துப் பின்கூடத்துக்கு, மடிப்புக் கலையாத கால்சட்டையில், கல்யாணத்துக்கு வருவதுபோல் வருவார். காய்களை இடது உள்ளங்கையில் அடுக்கி ஒரே ஒரு தடவைதான் பார்ப்பார். "திரும்பித் திரும்பிப் பாக்க இது என்ன காதலியா?" தோற்றால் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொள்வார். அடுத்த ஆட்டம் ஜெயிக்கும்வரை அவரோடு யாரும் பேசக்கூடாது.

அவர் மனைவி மியூரியல் உப்புமீன் வடை கொண்டுவருவார். "வீட்டுல கரண்டியக்கூட சத்தம் வராம வைக்கிற மனுஷன். இங்க வந்தாத்தான் இந்தக் கூத்து," என்பார்.

அது உண்மை. இந்த ஊரில் அவர் எடுத்த முதல் அறையில் வீட்டுக்காரி போட்ட நிபந்தனை, சத்தம் கூடாது. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். ரேடியோவைத் துண்டில் சுற்றி வைத்துக் கேட்டார். வீடு மாறியும் அந்த நடை மாறவில்லை. இன்றும் பூனை மாதிரிதான் நடப்பார். லண்டனில் அவர் போட்டுவந்த ஒரே சத்தம் இந்தச் சனிக்கிழமைச் சத்தம்.

அதற்கும் வந்தது வினை. கூடத்துக்கு மேல்வீட்டில் ஹாட்ஜ் என்ற அம்மாள் குடிவந்தார். இரண்டே வாரத்தில் பாதிரியார் எங்களிடம் வந்து கையைப் பிசைந்தார். "இன்னொரு புகார் வந்தா கூடத்தப் பூட்டறதத் தவிர எனக்கு வேற வழியில்லைங்க, மிஸ்டர் லாஷ்லி." எங்களுக்கு வேறு இடம் கிடையாது. வீடுகளில் மேசை போட்டால் நாற்காலி போட முடியாது.

மேசைமேல் கம்பளி விரித்தோம். "பொணத்துக்கா போத்தி வச்சிருக்கீங்க?" என்று லாஷ்லி அதை உருவி எறிந்தார். ஆனாலும் காயை மெதுவாகத்தான் வைத்தார். வைத்து, தொடர்ந்து தோற்றார். தொப்பி ஒரு மாதம் பின்பக்கமாகவே இருந்தது.

"யோவ், கையத் தூக்கலேன்னா மூளையும் எந்திரிக்காதா உனக்கு?" என்று, பேசக்கூடாது என்ற விதியையும் மீறிக் கேட்டார் அவருடைய ஆட்ட ஜோடி கிளைட்டஸ்.

"மெதுவா வச்சா அது நான் வச்ச காயாவே தெரியல, கிளைட்டஸ். இத்தன வருஷமா மெதுவா நடந்தாச்சு, மெதுவாப் பேசியாச்சு. ஒரு அடி அடிக்க இந்த ஊர்ல எனக்கு எடமில்லையா?"

போன சனிக்கிழமை லண்டனின் இன்னொரு பகுதியிலிருந்து ஹாக்னிக்காரர்கள் எங்களை எதிர்த்து ஆட வந்தார்கள். எங்கள் மற்ற ஜோடிகள் ஜெயித்ததில் ஆட்டங்கள் சமம்; கடைசி ஆட்டம் லாஷ்லிக்கு, தொப்பி இன்னும் பின்பக்கம்தான். லாஷ்லியின் கையில் மிச்சம் ஒரே காய். மேசையில் கோத்திருந்த காய் வரிசையின் நுனியில் ஐந்து புள்ளி கிடந்தது. அவர் காயிலும் ஐந்து, பொருந்தும். அவருடைய முறை. வைத்தால் வெற்றி.

கை தானாக மேலே போனது. நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

"அடிங்கண்ணே, அடிங்க," என்றான் ஹாக்னி ஜமைக்காக்காரன். "அடுத்த வாரத்துலேருந்து பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து ஆடலாம்."

கை அங்கேயே நின்றது. பிறகு லாஷ்லி எழுந்தார். காயைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார்.

"காய எங்கய்யா கொண்டுபோறாரு இவரு?"

ஜன்னல் வழியே பார்த்தோம். சாலையைக் கடந்து எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனார். இருக்கையில் உட்கார்ந்திருந்த இருவரிடம் ஏதோ சொன்னார். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கை மேலே போனது, தொப்பியையும் தாண்டி. இறங்கியது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இருவரும் துள்ளி எழுந்ததைத்தான் பார்த்தோம்.

நனைந்து திரும்பி வந்தார். காயைச் சட்டையில் துடைத்தார். நாங்கள் பழக்கதோஷத்தில் கோப்பைகளைத் தூக்கினோம். அவர் தொப்பியை நேராகத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால், வீட்டில் கரண்டியை வைப்பதுபோல், காயை ஐந்தின் பக்கத்தில் வைத்தார்.