ஷஹர்பானுவின் பச்சைக் கரைசல்

கடப்பாக்கத்தில் சவுக்கு வியாபாரம் செய்த சுலைமானின் மகள் ஷஹர்பானு, 1974இல், முப்பத்தோரு வயதில், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். அப்போது செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. கணவர் அப்துல் சுபஹான் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தார். குழந்தைகள் இல்லை. வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்ததும் ரயிலேறி மெட்ராஸுக்குப் போவார். அங்கே பேராசிரியர் பாஷ்யத்தின் ஆய்வகத்தில் இரும்பு போர்பிரின் சேர்மங்களைத் தயாரித்து, அவற்றின் நிறமாலையைப் பதிவு செய்வது அவர் வேலை.

நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவுக்காரச் சேர்மங்கள் அவை. வளையம் போன்ற ஒரு மூலக்கூறு, அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. அந்த இரும்பின் வெளி அடுக்கில் ஐந்து எலக்ட்ரான்கள். ஐந்தும் தனித்தனியாக இருக்கலாம். அல்லது நான்கு எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து ஒன்று மட்டும் தனியாக நிற்கலாம். சேர்மம் எந்தெந்த நிற ஒளியை விழுங்குகிறது என்பதைப் பார்த்தால், எலக்ட்ரான்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

1977 தொடக்கத்தில் ஷஹர்பானுவின் நிறமாலை வரைபடத்தில், ஒளி விழுங்கப்படும் இடங்களைக் காட்டும் இரண்டு புதிய பட்டைகள் தோன்றின. காந்தத் தன்மையை அளந்தபோது ஐந்தும் இல்லை, ஒன்றும் இல்லை, மூன்று தனி எலக்ட்ரான்கள் இருப்பதுபோல் கணக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் அபூர்வ நிலை. பாஷ்யம் அதிகம் பேசாதவர். அன்று வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் மூன்று முறை நடந்தார். டிசம்பரில் மகாபலிபுரத்துக் கடற்கரை விடுதியில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு இருவர் பெயரிலும் ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதமும் எழுதினார்.

மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆய்வகத்தில் அலுமினாப் பொடி தீர்ந்துபோனது. அதை நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றி வடித்துத்தான் ஷஹர்பானு சேர்மத்தைச் சுத்தம் செய்து வந்தார். பொடி வரும்வரை காத்திருக்க முடியாது என்று, புதிதாகத் தயாரித்த அதே சேர்மத்தை அலுமினா இல்லாமல் படிகமாக்கியே சுத்தம் செய்தார். அதன் நிறமாலையில் அந்த இரண்டு பட்டைகளும் இல்லை.

மறுபடி செய்தார். இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. முன்பு அலுமினாவில் வடித்து வைத்திருந்த பழைய குப்பியிலிருந்து கொஞ்சம் பச்சைக் கரைசலை எடுத்து, இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுக் குலுக்கினார். பச்சை போய்ப் பழுப்பானது. பட்டைகளும் மறைந்தன. மறுநாள் பழைய சேர்மத்தின் அகச்சிவப்பு (ஐ.ஆர்.) நிறமாலையை எடுத்துப் பார்த்தார். இரண்டு இரும்புகளுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் இருந்தால் எந்த இடத்தில் கோடு வருமோ, அங்கேயே வந்தது. அலுமினா சேர்மத்தில் பாதிக்கு மேல் இரட்டை மூலக்கூறாக மாற்றியிருந்தது. ஐந்து எலக்ட்ரான் தனித்திருக்கும் பொருளும் காந்தம் குறைந்த இந்த இரட்டையும் கலந்த சராசரிதான் மூன்றாகத் தெரிந்தது.

பாஷ்யத்திடம் போய்ச் சொன்னார்.

“சுருக்கம் அச்சாயிடுத்தும்மா” என்றார் அவர். “ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணாதே.”

“மூணு தடவை பார்த்துட்டேன் சார். ஐ.ஆர்.லயும் கோடு வந்திருக்கு.”

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “மாநாடு முடியட்டும். அப்பறம் நிதானமாப் பேசிக்கலாம். அச்சுல இருக்கறதை நீ படிச்சாப் போதும்.”

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்த சுபஹான், “இன்னா பானு, மூஞ்சே சரியில்லயே?” என்றார்.

“நான் கண்டுபுடிச்சது தப்புங்க.”

“யாரு சொன்னாங்க?”

“நானேதான்.”

“அப்ப சரி. வேற யார்னா சொல்லியிருந்தாதான் பேஜாரு.” தட்டை எடுத்து வைத்துவிட்டு, “அந்த சாரு கையெழுத்து போடலன்னா?” என்று கேட்டார்.

“பட்டம் கிடைக்காது.”

“காலேஜ் வேலை கீது இல்ல? அது போவாது. நீ சாப்புடு” என்றார்.

மாநாட்டன்று காலை ஷஹர்பானு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் போனார். நிற்கத்தான் இடம் கிடைத்தது. அரங்கில் அவருக்குப் பத்து நிமிடம். முதல் வாக்கியத்திலேயே, அச்சில் இருக்கும் சுருக்கம் தவறு என்று ஆங்கிலத்தில் சொன்னார். சுத்தம் செய்யும் முறையைத் தானே தேர்ந்தெடுத்ததாகவும், தவறு தன்னுடையது என்றும் சொன்னார். ஆசிட் விடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைகளை அடுத்தடுத்துக் காட்டினார். ஒரு ஸ்லைடு தலைகீழாக விழுந்தது; எடுத்துத் திருப்பிப் போட்டார். மூன்றாம் வரிசையில் இருந்த பாஷ்யம் தலை நிமிரவில்லை.

கேள்வி நேரத்தில் பம்பாயிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். தங்கள் வரைபடத்திலும் இதே இரண்டு பட்டைகள் இருப்பதாகச் சொல்லி, “எத்தனை சொட்டு ஆசிட் விட்டீர்கள்?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பதிலைக் குறித்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் பாஷ்யம் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த எட்டு மாதம் அவர் ஷஹர்பானுவுடன் பேசவில்லை. ஷஹர்பானு வேறு வழிகாட்டியைத் தேடவும் இல்லை. வாரம் மூன்று நாள் அதே ரயிலில் போய், ஈரத்திலும் காரத்திலும் அந்த இரட்டை மூலக்கூறு எவ்வளவு வேகமாக உண்டாகிறது என்று பட்டைகளின் உயரத்தை வைத்து அளந்தார். அறிக்கையை எழுதிப் பாஷ்யத்தின் மேஜையில் வைத்துவிட்டு வருவார். அது தொடப்படாமல் அங்கேயே கிடக்கும். அந்த நாட்களில் தனக்குக் கோபம் வரவில்லை, பசிதான் குறைந்துபோயிற்று என்று பின்னாளில் சொன்னார்.

1978 ஆகஸ்டில் ஓர் அறிக்கை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘இரண்டாம் படத்தில் அளவுகோல் இல்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் பாஷ்யம் நேரிலேயே கூப்பிட்டார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரட்டை மூலக்கூறு பற்றிக் கட்டுரை எழுதியபோது, முந்தைய சுருக்கம் திரும்பப் பெறப்படுகிறது என்ற வரியைப் பாஷ்யமே தன் கையால் சேர்த்தார்.

1979 கடைசியில் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், “நீங்கள் தேடிய நிலை கிடைக்கவில்லையே, வருத்தம் உண்டா?” என்று கேட்டார்.

“இருந்தது சார். ஒரு மாசம் இருந்தது” என்றார் ஷஹர்பானு.

பட்டம் கிடைத்தது. கல்லூரியில் அவரை விரிவுரையாளர் ஆக்கினார்கள்.