கையெழுத்துப் போடாத பேப்பர்

பட்டர்ஃப்ளை நீச்சலில் ஏமாற்ற வழியே இல்லை. இரண்டு கைகளும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், ஒன்றாகவே சுவரைத் தொட வேண்டும். ஒரு கை பிந்திவிட்டால் அதுவரை நீந்தியது எதுவும் செல்லாது. எனக்குப் பிடிவாதம் அதிகம், அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டேன் என்பாள் அம்மா.

எங்களுடையது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். அவர் பிரெஞ்சுக் குடிமகன், அம்மா இந்தியக் குடிமகள். அண்ணனுக்கு வயது வந்ததும் பேப்பர்களை அனுப்பி அவனையும் பிரெஞ்சுக்காரன் ஆக்கினார் அப்பா. அடுத்த வருடமே அவன் விமானம் ஏறிவிட்டான். எங்கள் தெருவில் இதெல்லாம் அதிசயமில்லை. பேப்பர் இருந்தும் போகாதவர்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எனக்குப் பதினெட்டு முடிந்தபோது இந்திய அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வாங்கினால் இந்தியாவுக்காக நீந்த முடியாது. அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்துப் பேனாவையும் வைத்தார்.

“போடு.”

“போட மாட்டேன்பா.”

“நீச்சலு எத்தினி வருஷத்துக்குச் சோறு போடும்? இது ஆயுசுக்கும் வரும்.”

“நான் ஒண்ணும் சோத்துக்கு நீந்தலப்பா.”

திமிரான பதில்தான். அப்பா பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீச்சலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் காலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்து என்னை நீச்சல் குளத்தில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். வேறு யாராவது பார்த்தால் பாசம் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அது தண்டனையாக இருந்தது. நன்றாக நீந்திய நாட்களில்கூட, இந்த மனிதரின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உறுத்தும்.

அணியில் இடம் கிடைத்தது. முதல் வெளிநாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் தகுதிச் சுற்று. ஒரு மாதமாக இடது தோளில் வலி. சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்திருந்தேன். கடைசிப் பத்து மீட்டரில் தோள் கல்லாகிவிட்டது. வலது கை சுவரைத் தொட்ட பிறகுதான் இடது கை வந்து சேர்ந்தது. நடுவர் கையை உயர்த்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பலகையில் மற்ற எல்லோருக்கும் நேரம் வந்தது. என் பெயருக்கு எதிரே நேரம் இல்லை, தகுதியிழப்பு என்பதற்கான மூன்று எழுத்துகள் மட்டும்.

குளத்தை விட்டு ஏறாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கலாமோ என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அறைக்குத் திரும்பி வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுப்பாள் என்று பார்த்தால் அப்பா எடுத்தார்.

“டீவில பாத்தேன்” என்றார். “தோளு வலியா?”

யாரிடமும் சொல்லாத விஷயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீ சொன்னமாரி கையெழுத்து போட்டிருக்கணும்பா. என்னைத் திட்டுப்பா” என்றேன்.

“ஒருத்தன் போயிட்டான். நீயும் போட்டிருந்தா நீயும் போயிருப்ப. நீ மாட்டேன்ன அன்னிக்கி ராத்திரி நான் நிம்மதியா தூங்குனேன், பாப்பா. அத எப்பிடிச் சொல்றது? அப்பன்காரன் சொல்ற பேச்சா அது?”

வந்த அழுகை நின்று கோபம் வந்தது, அப்படியொரு கோபம். “அத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? ரெண்டு வருஷமா உன் முதுகைப் பாத்துக்கினே வந்தேனே!” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் அப்பா சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் இருநூறு மீட்டர். தோளில் பட்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தேன். இரண்டு கைகளும் சேர்ந்தே தொட்டன. அத்தனை லேசாக நான் அதற்கு முன் நீந்தியதில்லை.