இரண்டாவது விரல்

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய், பிற்பகல் 2.10. தூறல் விடவில்லை. இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க நினைப்பவர்களுக்காக நேரங்களைச் சரிபார்த்தே எழுதுகிறேன். கணினியின் மாற்றக் குறிப்பில் அவை இன்றும் இருக்கின்றன.

பத்தொன்பது ஆண்டுகளாக ஊழியர் பதிவுகளைக் காத்துவந்தவள் அவள். பூட்டிய பதிவில் ஓர் எண்ணை மாற்றவும் இருவர் வேண்டும்: ஒருவர் திருத்துவார், மற்றவர் மேசைமீதுள்ள விரல்ரேகைக் கருவியில் விரல் வைத்து ஒப்புதல் தருவார். ஒப்புதல் தந்த விரலே அதை ரத்தும் செய்யலாம். விதியை எழுதியவளே அவள்தான்.

அன்று அவளுக்கு வயிறெரிந்தது. பிரிவுத் தலைமைப் பதவி, நேற்று வேலைக்கு வந்த சின்னவளுக்காம். அதற்கான தேர்வில் தொண்ணூற்றொரு மதிப்பெண். வாயைத் திறந்தால் சிரிப்பு. அதற்கே அலுவலகம் மொத்தமும் உருகிவிடுகிறது.

91ஐ அழித்து 61 என்று அடித்தாள்.

2.16. வாசலில் சின்னவள். சாப்பிட வெளியே போயிருந்தவள். கையில் குடை இல்லை. தலைமுடி நனையவும் இல்லை...

“வா, ஒரு விரல் வச்சிட்டுப் போ.”

“எதுக்குக்கா? என் தலையெழுத்த மாத்தறீங்களா?”

“ஆமா, உன்ன ராணியாக்கறேன். வைடி.”

திரையைப் பார்க்காமல் விரல் வைப்பது அந்தப் பிரிவின் கெட்ட பழக்கம். சின்னவளும் பார்க்கவில்லை.

2.17. பீப். பச்சை விளக்கு.

கருவியின் கண்ணாடியில் ரேகை படியவில்லை. சின்னவள் திரும்பிப் போனபோது காலடி ஓசையும் கேட்கவில்லை...

2.19. பீப்.

திரையில் மீண்டும் 91. ரத்துசெய்தவர் இடத்தில் சின்னவளின் பெயர்.

அறையில் வேறு யாரும் இல்லை. கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தது.

மறுபடி 61 அடித்தாள். கருவி இரண்டாவது விரலுக்குக் காத்திருந்தது... அதன் கண்ணாடி மெல்ல மங்கியது. யாரோ அழுத்துவதுபோல்.

2.22. பீப். சிவப்பு விளக்கு. மறுத்தவர்: அதே பெயர்.

2.23. பீப்.

பீப்...

கதவு திறந்தது. நிர்வாக அதிகாரி. முகம் வெளுத்திருந்தது.

“சின்னவ போயிட்டாம்மா. ரோட்டக் கடக்கறப்ப... லாரி.”

“எப்ப சார்?”

“ஒன்னு நாப்பதுக்கு.”

அவள் கருவியைப் பார்க்கவில்லை.

“இத இப்பக் கொடுக்கறது சரியில்லதான்” என்று அவர் ஓர் உறையை எடுத்தார். “பதவி உங்களுக்குத்தான். ‘அக்கா இருக்கறப்ப எனக்கெதுக்கு’ன்னு அவ நேத்தே எழுதிக் கொடுத்துட்டா. காலைலயே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.