கானாங்கோழிக் கூடும் என் கையும்

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளிக்கூட விடுமுறையில், கல்முனையில் பிள்ளைகளுக்காக ஒரு வார முகாம் நடத்தினோம். காலையில் வயல், வாய்க்கால், கடற்கரை என்று கூட்டிப்போவோம். அங்கே கைபேசியில் எடுத்ததைப் பின்னேரம் வெட்டி ஒட்டிச் சின்னப் படமாக்கப் பழக்குவோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் வெளியில் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. எதையும் தொடக்கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் மாவடிப்பள்ளி வயல் பக்கம் போனோம். வாய்க்கால் ஓரத்துப் பற்றைக்குள் கானாங்கோழிக் கூடு ஒன்று இருப்பதைப் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி கண்டாள். உள்ளே ஐந்து முட்டைகள். கைபேசியை நீட்டிப் பார்த்தாள். இலை மறைத்தது, வெளிச்சமும் போதாது. "கொஞ்சம் பொறுங்க மகள்" என்று நானே கையை விட்டு இரண்டு கொப்புகளை முறித்தேன். முட்டைகள் துலக்கமாகத் தெரிந்தன. எனக்கும் சந்தோசம்.

அடுத்த நாள் போனபோது கூடு வெறுமையாகக் கிடந்தது. கரையில் முட்டையோட்டுத் துண்டுகள். வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்து பற்றையை எட்டிப் பார்த்தார்.

"மறைப்ப எடுத்தா காகத்துக்குத் தெரியும்தானே" என்றார்.

யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வெறுங்கூட்டையும் கைபேசியில் எடுத்துக்கொண்டாள்.

கடைசி நாள், பெற்றோருக்குக் காட்டுவதற்கு முன், தன் படத்தை என்னிடம் கொண்டுவந்தாள். பற்றை வருகிறது. மணிக்கூடு கட்டிய ஒரு கை உள்ளே போகிறது, கொப்பு முறிகிற சத்தம் கேட்கிறது. பிறகு ஐந்து முட்டைகள். பிறகு வெறுங்கூடு. பேச்சே இல்லை.

"அந்தக் கை வாற இடத்த வெட்டிடுங்க மகள். படம் நீண்டு போச்சு" என்றேன்.

"அது நாலு செக்கன்தான் டீச்சர்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அத எடுத்தா முட்டைக்கு என்ன நடந்த எண்டு ஆருக்கும் விளங்காதே."

படம் விளங்க வேண்டும் என்பதுதான் அவளுடைய கவலை. "சரி, இரிக்கட்டும்" என்றேன்.

மண்டபத்தில் படம் ஓடி முடிந்ததும் ஒரு பிள்ளையின் வாப்பா, "அந்தக் கை ஆர்ர?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பினேன்.

"என்ட கைதான். நான் கொப்ப முறிச்சதாலதான் காகம் கண்ட."

பிறகு அடுத்த பிள்ளையின் படத்தைப் போட்டார்கள்.

முகாம் இப்போதும் விடுமுறைகளில் நடக்கிறது. கூடு கண்டால் தூரத்தில் நின்றே எடுக்கிறோம். கொப்பை முறித்தது அவசரத்தில் செய்த பிழை என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ள முடிகிறது. படம் நீண்டுவிட்டது என்று அந்தப் பிள்ளையிடம் யோசித்தே சொன்ன பொய்தான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.